புட்டியும் சீட்டும்: அருங்காட்சியகங்கள் தவளைகளையும் பாம்புகளையும் ஏன் சேர்த்து வைக்கின்றன?

"செத்த தவளைகளை ஆயிரக்கணக்கில் சாராயத்தில் ஊறப்போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்களாமே, அதனால் யாருக்கு என்ன பயன்?" என்ற கேள்வியைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் தமிழர்களிடமிருந்து நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சிலர் அதைக் கொடுமை என்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்துப் பொழுதுபோக்கின் மிச்சம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. கைபேசியிலேயே தெளிவான படம் எடுக்க முடிகிற காலத்தில் உடலை எதற்குப் பாதுகாக்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எதையும் புறந்தள்ளிவிட முடியாது. ஆயினும் ஆய்வுச் சேகரிப்பு என்பது உண்மையில் எப்படி இயங்குகிறது என்று தெரியாமலேயே இந்தப் பேச்சு நடப்பதால், உயிரியல் படிக்காதவர்களும் பின்தொடரும் வகையில் அதை முதலிலிருந்து விளக்க முயல்கிறேன்.

காட்சிக்கூடமும் பின்னறையும்

டர்பன் நகர மண்டபக் கட்டிடத்தில் உள்ள இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்களுக்கு, அங்குள்ள டோடோ பறவையின் எலும்புக்கூடு நினைவிருக்கும். அருங்காட்சியகம் என்றதும் நம் மனத்தில் எழுவது இத்தகைய கண்ணாடிப் பேழைகளும் விளக்கப் பலகைகளும்தான். அவை பார்வையாளர்களுக்காகத் தேர்ந்தெடுத்து அடுக்கப்பட்டவை. நகைக்கடையின் முகப்புப் பேழையில் இருப்பதைக் கொண்டு, கடையின் இரும்புப் பெட்டகத்தில் உள்ளதை மதிப்பிட முடியாது. பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பின் மிகச் சிறிய பங்கே பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது.

எஞ்சியவை பின்னறைகளில், வெளிச்சமும் வெப்பமும் குறைந்த இடத்தில், இனவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். இங்கே நாம் பேசப்போவது அவற்றில் ஒரு பகுதியைப் பற்றி. நீரிலும் நிலத்திலும் வாழும் தவளை, தேரை போன்றவற்றை இருவாழ்விகள் என்றும், பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகியவற்றை ஊர்வன என்றும் அழைக்கிறோம். இவ்விரண்டும் வெவ்வேறு தொகுதிகளாக இருந்தாலும், பழைய வழக்கப்படி அருங்காட்சியகங்கள் இவற்றை ஒரே துறையின் கீழ் வைத்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் இத்தகைய சேகரிப்புகள் 1825-இல் கேப் டவுனில் தொடங்கப்பட்டு இன்று இசிகோ என்ற அமைப்பின் கீழ் இயங்கும் தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்திலும், பிரிட்டோரியாவின் டிட்சாங் அருங்காட்சியகத்திலும், கெபெர்ஹா என்று பெயர் மாறிய போர்ட் எலிசபெத்தின் பேவேர்ல்டிலும் உள்ளன.

கப்பல் பதிவேடும் தவளையின் சீட்டும்

இன்று குவாசூலு-நேட்டால் எனப்படும் நம் மாகாணமான நேட்டாலில் பிறந்த தமிழர்களுக்கு மிக நெருக்கமான ஓர் ஆவணத்திலிருந்து இதை விளக்கலாம். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவரப்பட்ட 1,52,184 பேரின் விவரங்களும் கப்பல் பட்டியல்களில் எழுதப்பட்டன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாணா (காவல் வட்டம்), கிராமம், ஏறிய கப்பல், வந்த நாள் என்று ஒரு வரி. பாட்டனாரின் எண் கிடைத்துவிட்டால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வட ஆற்காட்டிலோ சேலத்திலோ உள்ள கிராமம் வரை போய்ச் சேர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எண் தொலைந்த குடும்பங்களோ, வீட்டில் பழைய புகைப்படம் இருந்தும், அதில் இருப்பவர் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியாமல் நிற்கின்றன. மனிதரை எண்ணாக்கிய அந்த ஏட்டின் வலியை நான் மறக்கவில்லை. முன்னோரையும் தவளையையும் ஒப்பிடுவதும் என் நோக்கமில்லை. இடமும் நாளும் எழுதப்பட்ட ஒரு வரி பின்னாளில் என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை என்பதாலேயே இதைச் சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் ஒவ்வோர் உடலையும் மாதிரி என்கிறோம். அதன் காலிலோ உடலைச் சுற்றியோ நூலால் கட்டிய சிறு சீட்டில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால், அது எந்த நாளில், எந்த இடத்தில், எத்தகைய சூழலில், யாரால் சேகரிக்கப்பட்டது என்ற விவரம் கிடைக்கும். இவ்வாறு இடமும் காலமும் பதிவாகி, "இந்த உயிரினம் இந்த இடத்தில் இந்த நாளில் இருந்தது" என்பதற்குப் பின்னால் யாரும் வந்து சரிபார்க்கக்கூடிய ஆதாரமாக நிற்கும் மாதிரிக்குச் சான்று மாதிரி என்று பெயர். சீட்டு அறுந்துபோன தவளை, வடிவம் சிறிதும் கெடாமல் இருந்தாலும், சான்று என்ற தகுதியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது.

ஆகவே சீட்டைத் தயாரிப்பதில் காட்டப்படும் அக்கறை வியப்பூட்டுவது. சாராயத்தில் பல்லாண்டு ஊறினாலும் நைந்து போகாத தாளும், கரையாத கரிமையும் தேவை. சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் மை சாராயத்தில் கரைந்து போகும். ஓர் உயிரினத்தை முன்பு தவறாக அடையாளம் கண்டிருந்தார்கள் என்று தெரியவந்தாலும், பழைய சீட்டைக் கழற்றி எறிவதில்லை. திருத்திய பெயரும் திருத்தியவரின் பெயரும் நாளும் எழுதிய புதிய சீட்டை அதனுடன் சேர்த்து வைக்கிறார்கள். மிகப் பழைய மாதிரிகள் சிலவற்றின் சீட்டில் "நேட்டால்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இராது. மதராஸ் என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு பெயரை வைத்துக் கிராமத்தைத் தேடுவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் அந்த மாதிரியைப் பயன்படுத்துவதும். ஊர்ப் பெயர்கள் மாறக்கூடும் என்பதால் இக்காலத்தில் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் எழுதுகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: காட்சிக்கூடம் வேறு, ஆய்வுச் சேகரிப்பு வேறு. ஆய்வுச் சேகரிப்பில் உள்ளவை சான்று மாதிரிகள். உடலும் சீட்டும் சேர்ந்தால்தான் ஒரு மாதிரி முழுமையாகிறது.

அழுகாமல் நிற்பது எப்படி?

மாங்காயை உப்பிலிட்டால் அது ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. உப்பு மாங்காயிலுள்ள நீரை இழுத்துக்கொள்வதால் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருக முடிவதில்லை. மாதிரிகளைப் பதப்படுத்துவதும் ஏறத்தாழ இதே எண்ணத்தில் அமைந்தது என்றாலும், இரண்டு படிகளாக நடக்கிறது.

முதல் படியில் உடலுக்குள் ஃபார்மலின் என்ற கரைசல் செலுத்தப்படுகிறது. இது உடலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். கூடையில் உதிரியாகக் கிடக்கும் பூக்களை நாரில் தொடுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்றுவிடுவதைப்போல, பிணைக்கப்பட்ட புரதங்களும் சிதையாமல் அதே வடிவில் நின்றுவிடுகின்றன. ஆகவேதான் ஃபார்மலின் செலுத்தியவுடன், உடல் இறுகுவதற்கு முன்பாக, விரல்களும் கால்களும் அளக்க வசதியாக இருக்கும்படி தட்டில் ஒழுங்காகக் கிடத்துகிறார்கள். இரண்டாம் படியில், நீரில் கழுவிய பின்னர், ஏறத்தாழ 70 விழுக்காடு எத்தனால் உள்ள சாராயத்தில் நிரந்தரமாக வைக்கிறார்கள். செறிவு மிகக் கூடினால் உடல் சுருங்கி நொறுங்கும் தன்மை அடையும். மிகக் குறைந்தால் அழுகும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் சாராயம் மெல்ல ஆவியாகும் என்பதால், புட்டிகளைப் பார்த்துப் பார்த்து நிரப்புவது ஓயாத வேலை. தீயும் ஓயாத அச்சம். 2010 மே மாதத்தில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரிலுள்ள புட்டான்டான் நிறுவனத்தில் மூண்ட தீயில், ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்த 70,000-க்கும் மேற்பட்ட பாம்புகளின் சேகரிப்பு அழிந்தது. அவற்றுள் பல, இப்போது காடே இல்லாத இடங்களிலிருந்து வந்தவை.

ஃபார்மலின் வடிவத்தைக் காக்கும். ஆனால் மரபணுப் பொருளைச் சிதைத்துவிடும். எனவே இப்போது ஃபார்மலின் செலுத்துவதற்கு முன்பே ஈரலிலிருந்தோ தசையிலிருந்தோ ஒரு சிறு துண்டை வெட்டி, செறிந்த எத்தனாலில் இட்டு உறைகுளிரில் தனியே வைக்கிறார்கள். உயிருள்ளபோதே படமும் எடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் சாராயம் நிறத்தைக் காப்பாற்றாது. பல தவளைகளின் பச்சை நிறம், தோலின் ஆழத்திலிருந்து சிதறி வரும் நீல ஒளியும் அதன் மேலுள்ள மஞ்சள் நிறமியும் கலந்து உண்டாவது. மஞ்சள் நிறமி சாராயத்தில் கரைந்துவிட்டால் பச்சைத் தவளை நீலத் தவளையாகிவிடும். புட்டியைப் பார்த்துவிட்டு இப்படியொரு நீலத் தவளை நம் நாட்டில் இருந்ததா என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

பெயரின் எடைக்கல்

இடமும் காலமும் மட்டுமல்லாமல், உயிரினத்தின் பெயரும் ஒரு புட்டியில்தான் நிலைகொண்டிருக்கிறது. சந்தையில் எடையைப் பற்றிச் சண்டை வந்தால் முத்திரையிட்ட எடைக்கல்லை எடுத்து வந்து ஒப்பிட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். புதிய இனம் ஒன்றுக்கு அறிவியல் பெயர் சூட்டுபவரும் அத்தகைய எடைக்கல் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். "இந்தப் பெயர் இந்த உடலுக்கு உரியது" என்று சுட்டப்படும் அந்த ஒரு மாதிரியே மூலமாதிரி எனப்படுகிறது.

இதைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே நீக்கிவிட வேண்டும். மூலமாதிரி என்றால் அந்த இனத்தின் மிகச் சிறந்த, முழுமையான எடுத்துக்காட்டு என்று பொருளில்லை. அது சிறியதாகவோ, வால் ஒடிந்ததாகவோ, முதிராததாகவோ இருக்கலாம். பெயரை ஓர் உடலோடு கட்டிப்போடுவது ஒன்றே அதன் பணி. குவாசூலு-நேட்டாலின் கடற்கரை ஓரத்து நாணல் சதுப்புகளில் மட்டுமே வாழ்வதும், வீடுகளும் ஆலைகளும் பெருகியதால் இன்று அழியும் ஆபத்தில் இருப்பதுமான பிக்கர்ஸ்கில் நாணல் தவளைக்கு 1982-இல்தான் பெயர் சூட்டப்பட்டது. அதே சதுப்பில் வாழும் வேறு நாணல் தவளைகளும் கட்டைவிரல் நுனி அளவே உள்ள சிறிய உயிர்கள். ஒரு சதுப்பைத் தூர்க்கலாமா கூடாதா என்ற கேள்வி எழும்போது, அங்கே கூவுவது எந்தத் தவளை என்பது சட்டத்தின் முன் வந்து நிற்கும் விஷயமாகிறது. அந்தப் பெயரின் பொருள் ஐயத்துக்கு இடமின்றி இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது அப்போது விளங்கும்.

ஒன்று போதாதா?

ஓர் இனத்துக்கு ஒரு மூலமாதிரி போதுமென்றால், அதே இனத்தில் நூறு புட்டிகள் எதற்கு? ஒரு தமிழரின் உயரத்தை மட்டும் அளந்துவிட்டுத் தமிழர்களின் உயரம் இதுதான் என்று யாரும் சொல்வதில்லை. ஆணும் பெண்ணும், குட்டியும் முதிர்ந்ததும், மலையில் வாழ்வதும் கடலோரத்தில் வாழ்வதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பலவற்றை அளந்துதான் அறிய முடியும்.

டர்பனின் தோட்டங்களில் அடிக்கடி தென்படும் புள்ளிப் புதர்ப்பாம்பு நஞ்சற்றது. மெலிந்த பச்சை உடலைக் கண்டதும் அதைக் கொடிய நஞ்சுள்ள பச்சை மாம்பா என்று எண்ணி அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். இரண்டையும் ஐயமின்றிப் பிரிக்கும் அடையாளங்களுள் ஒன்று, உடலின் நடுப்பகுதியில் குறுக்காக எண்ணினால் வரும் செதில் வரிசைகளின் எண்ணிக்கை: புதர்ப்பாம்பில் 15, பச்சை மாம்பாவில் பெரும்பாலும் 19. இந்த எண்கள் யாரோ ஒருவர் ஒரு பாம்பைப் பார்த்து எழுதியவை அல்ல. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த பல உடல்களில் பொறுமையாக எண்ணி உறுதிசெய்யப்பட்டவை. ஒளிப்படத்தில் செதிலை முழுவதும் எண்ண முடியாது; உடலைத் திருப்பிப் பார்க்கவோ, வயிற்றில் என்ன இரை இருந்தது என்று அறியவோ, தசைத் துண்டிலிருந்து மரபணுவைப் படிக்கவோ முடியாது. படம் மிகவும் பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. உடல் விடை சொல்லும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அது விடை சொல்லாது என்பதே இங்கு கருத்து.

மரபணுவைப் பற்றிப் பேசும்போது நமக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் சொல்ல விரும்புகிறேன். மழைக்காலத்தில் டர்பன் முற்றங்களில் கரகரவென்று கத்தும் பெருந்தேரை, கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்கும் என்ற நம்பிக்கையில் 1922-இல் மொரிஷியஸுக்கும் 1927-இல் ரீயூனியனுக்கும் கொண்டு செல்லப்பட்டது. அந்தத் தீவுகளில் இன்று பெருகியிருக்கும் தேரைகளின் மரபணுவை ஆப்பிரிக்காவின் பல பகுதிகளைச் சேர்ந்த தேரைகளின் மரபணுவோடு ஒப்பிட்டவர்கள், அவற்றின் வேர் டர்பன் வட்டாரத்தில் இருப்பதைக் கண்டார்கள். நூறாண்டுக்குள்ளாகவே தீவுத் தேரைகள் உடலளவில் சிறுத்துவிட்டன என்பதும் அளவெடுத்ததில் தெரியவந்துள்ளது. கரும்புக்காகத் தமிழர்கள் போய் இறங்கிய அதே தீவுகளுக்கு இந்தத் தேரையும் கரும்புக்காகவே போய்ச் சேர்ந்தது. இத்தகைய ஒப்பீடு, எந்தத் துண்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதப்பட்டிருந்தால் மட்டுமே சாத்தியமாகும்.

மீண்டும் சுருக்கமாக: மூலமாதிரி பெயரை நிலைநிறுத்துகிறது; மற்ற மாதிரிகள் ஓர் இனத்துக்குள் இருக்கும் வேறுபாடுகளையும், அது இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுவதையும் காட்டுகின்றன.

1938-ஆம் ஆண்டின் தவளை

சேகரிப்பின் உண்மையான வலிமை, சேகரித்தவர் கனவிலும் நினைக்காத கேள்விகளுக்கு அது விடை தருவதில் இருக்கிறது. இதற்கு நம் நாட்டிலிருந்தே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் தவளைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. கைட்ரிட் வகையைச் சேர்ந்த ஒரு பூஞ்சையே காரணம் என்று கண்டறிந்து, 1999-இல் அதற்குப் பெயரும் சூட்டினார்கள். அது தவளையின் தோலைத் தாக்குகிறது. தவளை நீரையும் உப்புகளையும் தோல் வழியாகவும் பெறுவதால், தோல் பழுதானால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுபோகிறது. உலகெங்கும் 500-க்கு மேற்பட்ட இனங்கள் இந்த நோயால் நலிவுற்றதாக 2019-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்தப் பூஞ்சை எங்கிருந்து, எப்போது வந்தது?

உயிரோடிருக்கும் தவளையால் இதற்கு விடை சொல்ல முடியாது. எனவே ஆய்வாளர்கள் அருங்காட்சியகப் புட்டிகளைத் திறந்தார்கள். 1879 முதல் 1999 வரை சேகரிக்கப்பட்ட ஆப்பிரிக்க நகத் தவளைகள் 697-ஐ எடுத்து, விரலிடைத் தோலிலிருந்து மெல்லிய சீவல்கள் வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1938-இல் சேகரிக்கப்பட்ட ஒரு தவளையின் தோலில் பூஞ்சை இருந்தது. அந்தத் தவளையைப் பிடித்துச் சீட்டெழுதிக் கட்டியவருக்கு அப்படியொரு நோய் இருப்பதே தெரியாது. அதற்குப் பெயர் வைக்க இன்னும் 61 ஆண்டுகள் இருந்தன.

இந்த நகத் தவளைக்கு வேறொரு வரலாறும் உண்டு. கருவுற்ற பெண்ணின் சிறுநீரைப் பெண் தவளைக்குள் செலுத்தினால் அது சில மணி நேரத்தில் முட்டையிடும். இதைக் கொண்டு கருத்தரிப்பைச் சோதிக்கும் முறை பரவியதால், 1930-களிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நகத் தவளைகள் பெருமளவில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. ஆகவே பூஞ்சை ஆப்பிரிக்காவில் தோன்றி இந்த வணிகத்தின் வழியே உலகெங்கும் பரவியிருக்கலாம் என்று 2004-இல் முன்வைத்தார்கள்.

இந்த வாதம் அப்படியே நிலைத்துவிடவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1888-இல் சேகரிக்கப்பட்ட தவளையிலும் பிறகு பூஞ்சை தென்பட்டது. பூஞ்சையின் மரபணுத் தொகுதிகளை விரிவாக ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வு, அதன் தோற்றுவாய் கிழக்கு ஆசியா என்று சுட்டியது. ஒரு கருத்தை எழுப்பியதும் புட்டிகள்தாம், அதைத் தளர்த்தியதிலும் புட்டிகளுக்குப் பங்கு உண்டு. யார் வேண்டுமானாலும் திரும்பச் சென்று அதே உடலைப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்ற இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு முறை தோலை வெட்டும்போதும் மாதிரி சிறிது குறைகிறது என்பதால், எந்த ஆய்வுக்கு எவ்வளவு வெட்டலாம் என்று காப்பாளர்கள் எடைபோட்டே அனுமதிக்கிறார்கள்.

கொல்லத்தான் வேண்டுமா?

இதைத் தட்டிக்கழிக்காமல் பேச வேண்டும். ஆம், சேகரிப்பில் உள்ள பல உயிர்கள் அதற்காகவே கொல்லப்பட்டவை. பழைய காலத்தில் அளவு மீறிச் சேகரித்தவர்களும் இருந்தார்கள். இப்போது நம் மாகாணத்தில் ஈஸெம்வெலோ வனவிலங்கு அமைப்பின் அனுமதி இல்லாமல் சேகரிக்க முடியாது. எத்தனை, எதற்காக என்று விண்ணப்பத்தில் கூறியாக வேண்டும். உயிரை எடுக்க நேரும்போது மயக்க மருந்து கொடுத்து வலியின்றிச் செய்கிறார்கள். சாலையில் அடிபட்டு இறந்தவையும் சேகரிப்புக்கு வந்து சேர்கின்றன. ஓர் இனத்தை அழிவை நோக்கித் தள்ளுவது சதுப்பைத் தூர்ப்பதும் புல்வெளியை உழுவதுமே. ஒரு புட்டியில் அடங்கும் எண்ணிக்கையால் அது நேர்வது மிக மிக அரிது. எனினும் ஒரு சில மட்டுமே எஞ்சியுள்ள உயிரினங்களில் உடலைக் கேட்காமல், படத்தோடும், தோலைப் பஞ்சால் துடைத்தெடுத்த சிறு மாதிரியோடும் நிறுத்திக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

லிம்போப்போ மாகாணத்தின் வுட்புஷ் பகுதியில் ஈஸ்ட்வுட் நீள்வால் பல்லி என்றொரு பல்லி வாழ்ந்தது. கால்கள் குறுகி, பாம்பைப்போல் நீண்ட உடல் கொண்டது. 1913-இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். அது வாழ்ந்த புல்வெளிகள் பின்னர் பைன் மரத் தோட்டங்களாயின. இன்று அது அற்றுப்போன இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. உலகம் முழுவதிலும் அதன் உடல்கள் இரண்டே இரண்டு. அந்த இரண்டும் சேகரிக்கப்படாமல் இருந்திருந்தால் பைன் மரங்கள் எப்படியும் நடப்பட்டிருக்கும். அங்கே என்ன இருந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரிந்திராது.

உங்கள் வாசலில் ஒரு பாம்பு செத்துக் கிடந்தால்

இதைப் படித்தபின் யாரும் பாம்பையோ தவளையையோ பிடிக்கக் கிளம்ப வேண்டாம். அனுமதியின்றிப் பிடிப்பது சட்டப்படி குற்றம், இறந்ததுபோல் கிடக்கும் பாம்பும் கடிக்கக்கூடும். தொடாமல், சற்றுத் தள்ளி நின்று, தலை, முதுகு, முழு நீளம் ஆகியவை தெரியும்படி படம் எடுங்கள். உயிரினங்களின் படங்களைப் பலரும் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொது இணையத்தளத்தில் அதை ஏற்றலாம். அரியதாகத் தோன்றினால் அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்கலாம், உடல் தேவையென்றால் அவர்களே சொல்வார்கள். எதைச் செய்தாலும் படத்தோடு நாளையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். இடம் என்றால் டர்பன் என்று மட்டும் எழுதாமல், சாட்ஸ்வொர்த்தில் எந்தத் தெரு, எந்த ஓடையின் எந்தக் கரை என்பது வரை எழுதுங்கள்.